பாடிப் பணிந்தோர் – 7: குறத்தி குறி சொன்ன பெத்லகேம்

தஞ்சாவூர்ப் பெரிய கோவிலைச் சுற்றி வருகிறவர்கள், மதிலை ஒட்டியிருக்கும் சிவகங்கைப் பூங்காவுக்கும் ஒரு நடை போய்விட்டு வருவார்கள். குளம், மர நிழல், பிள்ளைகளின் கூச்சல். அந்தப் பக்கமாகவே 1779இல் கட்டிய ஒரு பழைய தேவாலயம் இருக்கிறது. ஸ்வார்ட்ஸ் ஐயர் கோவில் என்றால் ஊரில் தெரியும். உள்ளே சுவரில் ஒரு பளிங்குச் சிற்பம். இங்கிலாந்தின் பேர்பெற்ற சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. கட்டிலில் ஒரு முதியவர் சாகக் கிடக்கிறார். தலைப்பாகை அணிந்த ஓர் அரசர் குனிந்து அவர் கையைப் பிடித்திருக்கிறார். கட்டிலருகே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

முதியவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் ஸ்வார்ட்ஸ் என்ற மிஷனரி. அரசர் இரண்டாம் சரபோஜி. சிற்பத்தைச் செய்யச் சொல்லிப் பணம் கொடுத்தவரும் அவரே. 1798 பிப்ரவரி 13ஆம் தேதி ஸ்வார்ட்ஸ் இறந்தபோது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். மூச்சு நின்றுவிட்டது என்று எண்ணி, அருகிலிருந்த கெரிக்கே என்ற மிஷனரி அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடத் தொடங்கினாராம். இரண்டாம் கவியில் கட்டிலிலிருந்தும் ஒரு குரல் சேர்ந்துகொண்டதாம்.

அரசர் சிற்பத்தில் இருக்கிறார், மிஷனரி இருக்கிறார், பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த மூன்று வட்டங்களிலும் வாழ்ந்த ஒருவர் அதில் தனியாக அடையாளம் காட்டப்படவில்லை. அப்போது அவருக்கு 23 வயது. ஸ்வார்ட்ஸின் வளர்ப்புப் பிள்ளை, அவர் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர், சரபோஜியின் இளமைக்காலத் தோழர். இன்று தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கீர்த்தனைப் புத்தகத்தைப் பிரிக்கிற எவரும் அவர் குரலில்தான் கடவுளைத் துதிக்கிறார்கள். அவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார்.

(பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு, அவர் கத்தோலிக்கர், இரண்டு தலைமுறை பிந்தியவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனை பாடியவரும் அவர்தான். பெயரும் கீர்த்தனையும் பொதுவாக இருப்பதால் இருவரையும் ஒருவராக்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு.)

நெடிலாகிப் போன குறில்

1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதையும், புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியதையும், சென்னை வேப்பேரியில் பெப்ரீசியஸ் வேதாகமத்தை இழைத்து இழைத்து மொழிபெயர்த்ததையும் முந்தைய பகுதிகளில் பார்த்தோம். அவர்கள் வேதத்தை மட்டும் கொண்டுவரவில்லை. ஜெர்மானியச் சபைகளில் பாடிப் பழகிய பாட்டுகளையும் கொண்டுவந்தார்கள். அவை தமிழாக்கப்பட்டு 'ஞானப்பாட்டு' ஆயின. பெப்ரீசியஸின் மொழிபெயர்ப்புகளில் பல இன்றும் புழக்கத்தில் உள்ளன. தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் சபையில் ஞானப்பாட்டு இல்லாமல் ஆராதனை இல்லை.

சொல் தமிழ்தான், ஆனால் மெட்டு ஜெர்மன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஐரோப்பியப் பாட்டில் அசைக்கு ஒரு சுரம். அடியின் முடிவில் சுரம் நீளும், எல்லாரும் அங்கே மூச்செடுத்துக்கொள்வார்கள். தமிழிலோ குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுபவை. 'படு' என்ற சொல்லின் முதல் எழுத்து ஒரு நீண்ட சுரத்தில் விழுந்தால் காதில் 'பாடு' என்று கேட்கும். 'கல்' இழுபட்டால் 'கால்'. எழுதியவர் ஒன்று நினைத்திருப்பார், சபை வேறொன்றைப் பாடியிருக்கும். தவிர, தமிழ்ச் செவி அடியின் தொடக்கத்தில் எதுகையையும் மோனையையும் தேடும். அந்தப் பாட்டுகள் அடியின் கடைசியில் ஓசை ஒத்துவரவேண்டும் என்று பாடுபட்டன.

எழுத்தறியாதவர்களின் கஷ்டம் இதைவிடப் பெரிது. ஞானப்பாட்டில் திரும்ப வரும் அடி பெரும்பாலும் கிடையாது. முதல் கவியிலிருந்து எட்டாம் கவிவரை நேர்கோட்டில் போகும். புத்தகம் கையிலுள்ளவன் பாடுவான், இல்லாதவன் முணுமுணுப்பான்.

கீர்த்தனையின் கட்டுமானம் வேறு. பல்லவி ஒன்று. அதை நீட்டும் அனுபல்லவி ஒன்று. பிறகு சரணங்கள். ஒவ்வொரு சரணமும் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பவேண்டும். சரணத்தைத் தெரிந்தவர் ஒருவர் பாடினால் போதும். பல்லவி எல்லாருக்கும் சொந்தம். முதல் தடவை கேட்கும்போது தெரியாதவர் மூன்றாம் தடவையில் சேர்ந்துகொள்வார். பாட்டு முடியும்போது புத்தகமே பார்க்காத கிழவிக்கும் அது மனப்பாடம். கடவுளைத் துதிக்கப் படிப்பு ஒரு தகுதியாக இருக்கக்கூடாது என்று யாரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லாமல், அந்த வடிவமே அதைச் செய்துகொடுத்தது.

அந்த வடிவம் தஞ்சையில் அப்போது உச்சத்தில் இருந்தது. சியாமா சாஸ்திரிகள், தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் ஆகிய மூவரும் வேதநாயகத்தின் சமகாலத்தவர்கள். தீட்சிதர் அவரைவிட ஒரு வயது இளையவர். காவிரிக்கரையில் பக்தி என்றால் அது கீர்த்தனையாகத்தான் வாய்க்கு வரும் என்ற நிலை. கிறிஸ்தவர்களின் வாய்க்கு மட்டும் அது வரவில்லை.

பாளையங்கோட்டைப் பையன்

வேதநாயகம் பிறந்தது 1774 செப்டம்பர் 7. ஊர் திருநெல்வேலிச் சீமை. அப்பா தேவசகாயம், வேளாளர், கிறிஸ்தவராகி உபதேசியாராக வேலை பார்த்தவர். பிள்ளையின் இளமை, குற்றாலக் குறவஞ்சியின் ஓசை காற்றில் கலந்திருந்த நிலத்தில் கழிந்தது. திரிகூடராசப்பக் கவிராயர் அதைப் பாடி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது. படித்தவர்களும் படிக்காதவர்களும் அதைப் பாடினார்கள், ஆடினார்கள்.

1785இல் ஸ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். கிளாரிந்தா என்ற பிராமண விதவை கட்டியிருந்த சிறிய ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்யவேண்டியிருந்தது. 'பாப்பாத்தியம்மா கோவில்' என்று ஊரார் சொல்லும் அந்த ஆலயம் இன்றும் அங்கே இருக்கிறது. அந்தப் பயணத்தில்தான் தேவசகாயத்தின் மகன் அவர் கண்ணில் பட்டான். வயது பதினொன்று. பையனைத் தம்மோடு அனுப்பும்படி கேட்டார். அப்பா அனுப்பிவைத்தார்.

தஞ்சையில் ஸ்வார்ட்ஸின் நிழலில் படிப்பு. அந்த நிழலில் இன்னொரு பையனும் இருந்தான்: துளஜா மன்னர் தத்தெடுத்த சரபோஜி, வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவன். அரியணைப் போட்டியில் அந்தச் சிறுவனின் உரிமையைக் காக்க ஸ்வார்ட்ஸ் போராடிக்கொண்டிருந்தார்.

பிறகு வேதநாயகம் தரங்கம்பாடிக்குப் போனார். ஹாலே நகரத்திலிருந்து வந்த மிஷனரிகள் அங்கே இறையியலை மட்டும் கற்பிக்கவில்லை. ஜான் என்பவர் சங்கு, மீன், பாம்பு என்று சேகரித்த இயற்கை ஆய்வாளர். ராட்லர் செடிகொடிகளில் தேர்ந்தவர். கடவுளின் கைவேலையைக் கூர்ந்து பார்ப்பதும் வழிபாட்டில் சேர்த்தி என்று கருதிய கூட்டம் அது. தமிழ் இலக்கணத்தோடு பூகோளமும் வானநூலும் உடற்கூறும் வேதநாயகத்தின் தலைக்குள் போயின. 1794இல் தஞ்சைக்குத் திரும்பி, 19, 20 வயதில் மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியர் ஆனார்.

குறத்தியின் கையில் நட்சத்திரம்

ஸ்வார்ட்ஸ் இறந்து இரண்டாண்டுக்குள், 1800ஐ ஒட்டி, அவர் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடி முடித்தார். அதன் துணிச்சலைப் புரிந்துகொள்ளக் குறவஞ்சியின் கதைப்போக்கைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளவேண்டும்.

தலைவன் வீதியில் உலா வருகிறான். பெண்கள் கண்டு மயங்குகிறார்கள். தலைவி ஒருத்தி பந்தாடிக்கொண்டிருக்கையில் அவனைக் கண்டு காதலில் விழுகிறாள். நிலவு சுடுகிறது, தென்றல் எரிக்கிறது, தோழியிடம் புலம்புகிறாள். அப்போது மலையிலிருந்து ஒரு குறத்தி கூடையும் மாத்திரைக்கோலுமாக வருகிறாள். தன் மலைவளம் பாடுகிறாள், கை பார்க்கிறாள், தலைவன் வருவான் என்று குறி சொல்கிறாள். பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். பிறகு அவள் கணவன் சிங்கன், கண்ணி வைத்துப் பறவை பிடிப்பவன், அவளைத் தேடிக்கொண்டு வருகிறான். இருவரும் சந்திக்கிறார்கள். மங்களம்.

தலைவன் குற்றாலநாதராக இருக்கலாம், ஓர் அரசனாகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் யானையும் குடையும் கொடியும் முரசுமாக வருபவன். குறவஞ்சி என்பது பெரியவரின் பெருமையைச் சிறியவள் ஒருத்தியின் வாயால் பாடும் கலை.

வேதநாயகம் அந்தத் தலைவனின் இடத்தில் பெத்லகேமில் பிறந்தவரை வைத்தார். தலைவி தேவமோகினி, சீயோனின் மகள், அதாவது சபை. வேதாகமமே சபையை மணவாட்டி என்றுதான் சொல்கிறது. அகத்துறையில் ஊறிய தமிழுக்கு அதை விளக்கவேண்டிய அவசியமே இல்லை. குறத்தி ஞானசிங்கி, விசுவாசத்தின் உருவம். அவள் கணவன் ஞானசிங்கன் வலை வீசிப் பிடிக்கும் பறவைகள் ஆத்துமாக்கள். மீன்பிடிக்கிறவர்களைப் பார்த்து மனிதரைப் பிடிக்கிறவர்களாக்குவேன் என்று இயேசு சொன்னதை, தமிழ்நாட்டு வேடன் தன் கண்ணியில் வாங்கிக்கொண்டான்.

உலாவில் அவர் செய்தது இன்னும் வியப்பு. தரங்கம்பாடியில் கற்ற வானநூலை உள்ளே கொண்டுவந்தார். சூரியனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றும் கோப்பர்நிக்கஸின் வானம் தமிழ்ச் சந்தத்தில் சுழன்றது. குறத்திக்கு வழக்கமாகத் திரிகூட மலையும் பொதிய மலையும் தெரியும். இந்தக் குறத்தி உலகப் படத்தில் உள்ள தேசங்களையே சொல்கிறாள். பாட்டைக் கேட்பவனுக்கு முதலில் அகலத்தைக் காட்டிவிட்டு, கோள்களையும் கண்டங்களையும் படைத்தவர் தங்க இடமில்லாமல் மாட்டுத்தொழுவத்தில் பிறந்தார் என்று கொண்டுபோய் நிறுத்துகிறது நாடகம். வானம் எவ்வளவு பெரிதாகக் காட்டப்படுகிறதோ அவ்வளவுக்குத் தொழுவம் சிறிதாகிறது. பணிவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்பவனைப் பணியவைக்கும் வித்தை இது.

குறி சொல்ல வருகிறவளும் கவனிக்கத்தக்கவள். ஊருக்குள் இருந்து வராத, சாதிப் படிக்கட்டில் இடமே இல்லாத குறத்திக்குத்தான் தலைவன் யார் என்பது தெரியும். மாளிகையில் இருக்கும் தலைவி அவளிடம் கையை நீட்டித்தான் தெரிந்துகொள்ளவேண்டும். விசுவாசத்துக்கு அவர் தேர்ந்தெடுத்த வேடம் அது. இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்வோம்.

குறவஞ்சியோடு அவர் நிற்கவில்லை. நோவா பேழை கட்டிய கதை ஞானத்தச்ச நாடகம் ஆயிற்று. ஏற்றத்தில் நீர் இறைப்பவனின் பாட்டு ஞான ஏற்றப்பாட்டு ஆயிற்று. பெண்கள் கைகொட்டி ஆடும் கும்மியில் நாள், சகுனம் பார்க்கும் வழக்கங்களைக் கண்டித்து சாஸ்திரக் கும்மி பாடினார். உழவும் தச்சும் கும்மியுமாக, மக்கள் வேலை செய்யும் இடத்துக்கே துதியைக் கொண்டுபோனார். தேவாலயத்துக்குள் பாட, நூற்றுக்கணக்கில் கீர்த்தனைகள்.

அரசர் கேட்ட பாட்டு

1798இல் அரியணை ஏறிய சரபோஜி, மறு ஆண்டே ஆட்சியதிகாரத்தைக் கம்பெனியிடம் இழந்தார். கோட்டையும் பட்டமும் மிஞ்சின. மிச்சமிருந்த வாழ்நாளைப் புத்தகங்களிலும் கலைகளிலும் செலவழித்தார். சரசுவதி மகால் நூலகம் இன்றுள்ள நிலைக்கு வளர்ந்தது அவரால். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் அவர்மீதே சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பாடினார். பெரிய கோவிலில் அது ஆடப்பட்டது. அதில் தலைவி உருகுவது அரசருக்காக.

ஒரே ஊர். ஒரே கலை. கோட்டைக்கு உள்ளே அரசரைத் தலைவனாக்கிய குறவஞ்சி. கோட்டைக்கு வெளியே மிஷன் தெருவில் தொழுவத்துப் பிள்ளையைத் தலைவனாக்கிய குறவஞ்சி.

சரபோஜிக்கு நண்பரின் பாட்டில் விருப்பம் அதிகம். ஒருமுறை அவர் பெரிய கோவில் பெருவுடையார்மீதும் ஒரு பாட்டுக் கட்டித் தரும்படி கேட்டாராம். சாஸ்திரியார் மறுத்துவிட்டு வீடு திரும்பினாராம். அன்றிரவு பாடியதுதான், இயேசுவைத் தவிர வேறு யாரையும் துதிக்காதே என்று தம் மனதுக்கே கட்டளையிடும் அந்தக் கீர்த்தனை என்று கிறிஸ்தவக் குடும்பங்களில் சொல்லிவருகிறார்கள். திருவையாற்றில் தியாகராஜர் இதே அரசரின் அழைப்பை மறுத்து, செல்வம் பெரிதா இராமன் சந்நிதி பெரிதா என்று பாடினார் என்ற கதையும் நமக்குத் தெரியும். காவிரிக்கரை ஒரே அச்சில் இரண்டு கதைகளை வார்த்து வைத்திருக்கிறது. அரசரைப் பாடாத நாக்குத்தான் ஆண்டவனைப் பாடத் தகுந்தது என்பது இந்த மண்ணின் பழைய நம்பிக்கை. கிறிஸ்தவர்களும் அதைத் தங்கள் கவிஞருக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

மறுப்பு நட்பைக் கெடுக்கவில்லை. 1829இல் சரபோஜி அவரை அரண்மனைக் கவிஞராக அமர்த்திக்கொண்டார். 1832இல் அரசர் இறக்கும்வரை அது நீடித்தது. ஆனால் சாஸ்திரியாருக்கு அரண்மனையில் கதவு திறந்த அதே ஆண்டுகளில், சபையில் கதவு மூடிக்கொண்டிருந்தது.

நான்கு கொடுமைகள்

காரணம் வெகுதூரத்தில் இருந்தது. ஹாலேயிலிருந்து ஆட்கள் வருவது குறைந்துவிட்டது. 1820களின் நடுவில் தஞ்சை மிஷன் ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்குப் போனது. புதிதாக வந்த மிஷனரிகளுக்கு ஸ்வார்ட்ஸின் பொறுமை கிடையாது. தமிழ் இசை என்றால் அவர்கள் காதில் கோவிலும் தேவதாசி ஆட்டமும் கேட்டன. கீர்த்தனை ஆராதனைக்கு ஏற்றதல்ல என்றார்கள். திருநெல்வேலியில் ரேனியஸ் என்ற மிஷனரி, பெப்ரீசியஸின் வேதாகமத்தை எளிய நடைக்கு மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். கலியாணத்திலும் பண்டிகையிலும் பூ வேண்டாம் என்றார்கள். அத்துடன், சபையில் சாதிவாரியாக உட்காரக்கூடாது என்றார்கள்.

சாஸ்திரியாரும் தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்களும் இவற்றை நான்கு கொடுமைகள் என்று பட்டியலிட்டு எதிர்த்தார்கள். வேதத்தைத் திருத்துவது, எல்லாச் சாதியையும் ஒன்றாகக் கலப்பது, பூவை விலக்குவது, தமிழ்ப் பாட்டைத் தடுப்பது.

இந்த இடத்தில் எழுதுகிறவனின் பேனா தயங்கத்தான் செய்யும். நான்கில் மூன்றில் நம் மனம் சாஸ்திரியாரின் பக்கம் நிற்கிறது. தன் மொழியில், தன் இசையில், தன் பூவோடு கடவுளின் முன் நிற்க ஒரு தமிழனுக்கு உரிமை இல்லையா? அந்த மூன்றையும் கேட்ட அதே மூச்சில், அதே நியாயத்தின் பெயரால், மிச்சமிருந்த சாதிப் பிரிவையும் அவர் கேட்டார்.

ஸ்வார்ட்ஸ் காலத்திலிருந்தே கோவிலுக்குள் வேளாளர் ஒரு பக்கம், அக்கால ஆவணங்கள் பறையர் என்று குறிக்கும் மக்கள் மறுபக்கம் உட்காருவது வழக்கம். நற்கருணைப் பாத்திரம் முதலில் யாரிடம் போகும் என்பதற்கும் வரிசை இருந்தது. அது உலக வழக்கம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது சாஸ்திரியாரின் வாதம். அதற்காகவே எழுதவும் செய்தார்.

ஆனால் தஞ்சையில் அந்தச் சபை எப்படித் தொடங்கியது? 1720களில் தஞ்சை அரசரின் படையில் சேர்வைக்காரராக இருந்த ராஜநாயக்கன், தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தானே படித்துத் தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பினார். அவரைச் சுற்றித்தான் தஞ்சையின் முதல் சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர்கள் கூடினார்கள். ராஜநாயக்கன் பறையர் சாதியில் பிறந்தவர். வேளாளர் அந்தக் கோவிலுக்கு வருவதற்கு முன்பே அதில் பாய் விரித்து வைத்திருந்தவர்கள், மறுபக்கத்தில் உட்காரவைக்கப்பட்டவர்கள்தான்.

1826 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. கல்கத்தாவின் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் தஞ்சைக்கு வந்திருந்தார். அவரே பாட்டு எழுதுகிறவர். திரித்துவ ஞாயிறுக்காக அவர் எழுதிய பாட்டை உலகமெங்கும் இன்றும் பாடுகிறார்கள். அன்று மாலைத் தமிழ் ஆராதனையில் அவர் உட்கார்ந்து கேட்டார். முடிவில் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். சாதியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தவர், மென்மையாகவே போகலாம் என்ற எண்ணத்தில் இருந்தார். எட்டாம் நாள், ஏப்ரல் 3, திருச்சிராப்பள்ளியில் குளிக்க இறங்கிய தொட்டியிலேயே உயிர் பிரிந்தது. வயது 42.

அடுத்து வந்தவர்கள் மென்மையாகப் போகவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையைத் தயக்கமின்றி உடனே கைவிடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு வெளியேறினார்கள். எதிர்த்தவர்களின் முன்வரிசையில் சாஸ்திரியார் இருந்தார்.

அவரை வஞ்சகர் என்று சொல்ல முடியாது. கடவுளின் முன் தம்மைப் புழுவாகவும் தூசாகவும் பாடியது நடிப்பல்ல. அரசர் கேட்டும் வளையாதவர் அவர். உயரத்தில் இருப்பவரின் முன் அவருக்குக் குனியவும் தெரியும், நிமிரவும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திரும்பிப் பார்ப்பதுதான் அவருக்கு முடியவில்லை. விசுவாசத்துக்குக் குறத்தியின் வேடம் கொடுத்தவர், அந்தக் குறத்தி கோவிலுக்குள் வந்திருந்தால் எந்தப் பாயில் உட்காரவைத்திருப்பார்?

பாட்டு கைமாறியது

இருபது ஆண்டுகள் கழிந்தன. சாஸ்திரியார் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தஞ்சை மிஷன் ஒதுக்கிய பாட்டுகளைத் தேடி மதுரைப் பக்கத்திலிருந்து ஆள் வந்தார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப். கிராமங்களில் வேலை செய்த அந்த மிஷனுக்கு ஓர் உண்மை பிடிபட்டிருந்தது: வெளிநாட்டு மெட்டில் பாடச் சொன்னால் ஜனங்கள் வாயைத் திறப்பதில்லை. கீர்த்தனை என்றால் இரவு முழுக்கப் பாடுகிறார்கள். வெப் கீர்த்தனைகளைத் திரட்டினார், இராகமும் தாளமும் குறித்தார். 1853இல் பொது ஆராதனைக்கான கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகம் அச்சாகி வந்தது. அதில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. பின்னர் வந்த பதிப்புகள் எல்லாம் அந்தப் புத்தகத்தின் வாரிசுகள்.

வரலாறு சில சமயம் கதாசிரியனைப்போல வேலை செய்கிறது. அந்த மதுரை மிஷன்தான் சாதி விஷயத்தில் யாரைவிடவும் கண்டிப்பாக இருந்தது. 1847இல் அது தன் ஊழியர்களுக்கு ஒரு சோதனை வைத்தது. எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து அன்பின் விருந்து சாப்பிடவேண்டும். சாப்பிட மறுத்த உபதேசியார்களை நற்கருணையிலிருந்து விலக்கியது. தாம் உயிராகக் காத்த இரண்டில் ஒன்றை ஒழிக்கக் கங்கணம் கட்டியவர்களின் கையால்தான், மற்றொன்று சாஸ்திரியாருக்கு அச்சில் திரும்பக் கிடைத்தது.

புத்தகம் ஊர் ஊராகப் போயிற்று. திண்டுக்கல் பக்கத்துக் குடிசை ஜெப வீடுகளிலும், திருநெல்வேலியின் பனைவிளைகளிலும், கூரை வேய்ந்த பள்ளிக்கூடங்களிலும் பாடினார்கள். எழுத்துத் தெரியாதவர்கள் பல்லவியைப் பிடித்துக்கொண்டார்கள். தஞ்சைக் கோவிலில் மறுபக்கத்தில் உட்காரவைக்கப்பட்டவர்களின் இனத்தார் ஆயிரக்கணக்கில் சபைக்குள் வந்த காலம் அது. மேளமும் தாளமும் அவர்களுக்குப் புதிதல்ல. சாஸ்திரியாரின் கீர்த்தனையை அவர்கள் எடுத்துக்கொண்டு, தங்கள் குரலில், தங்கள் வேகத்தில் பாடினார்கள். சில கீர்த்தனைகளின் கடைசிச் சரணத்தில் முத்திரையாக அவர் பெயர் வரும். பாடிய வாய்களில் பல, எவர் பக்கத்தில் உட்கார அவர் ஒப்பவில்லையோ அவர்களின் வாய்கள்.

1864 ஜனவரி 24ஆம் தேதி, 89ஆம் வயதில், தஞ்சையில் சாஸ்திரியார் இறந்தார். அவர் வம்சத்தார் இன்றும் சாஸ்திரியார் பட்டத்தோடு கதாகாலட்சேபம் செய்து பெத்லகேம் குறவஞ்சியைப் பாடிவருகிறார்கள். இன்னொரு பக்கம், இருபதாம் நூற்றாண்டில் மிஷனரி பாப்லி ஐயர் போன்றவர்கள் ஊர் ஊராகப் போய்க் கீர்த்தனையாலேயே பிரசங்கம் செய்தார்கள். தஞ்சையிலேயே ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரும் இசைநூலை வெளியிட்டார்.

மார்கழி விடியற்காலையில் தென்மாவட்டத் தெருக்களில் பஜனைக் கோஷ்டி போகும். கையில் ஜால்ரா, கழுத்தில் தொங்கும் ஆர்மோனியம், மேலே போர்த்திய துண்டு. சிறுவனாக இருந்தபோது நானும் அந்தக் கூட்டத்தின் வாலில் தூக்கக் கலக்கத்தோடு நடந்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் ஒரு கீர்த்தனை, ஒரு தம்ளர் சுக்குக் காப்பி. முன்னால் போகிற பெரியவர் சரணத்தை எடுப்பார், பின்னால் வருகிற எங்களுக்குப் பல்லவி. எங்கள் கோஷ்டி எல்லாத் தெருவுக்கும் போகும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தெருவை மட்டும் விட்டுவிட்டு வருகிறோம் என்பதைக் கவனிக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின. கவனித்த அன்று நாங்கள் பாடிக்கொண்டிருந்தது, நன்றாக நினைவிருக்கிறது, சாஸ்திரியாரின் கீர்த்தனைதான்.

*அடுத்த பகுதியில்: திருநெல்வேலி வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனை மனப்பாடமாகச் சுமந்துகொண்டு, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. ஆழ்வார்களின் உருக்கம் இரட்சணிய யாத்திரிகமாகவும் இரட்சணிய மனோகரமாகவும் மாறிய கதை.*

(தொடரும்)